‘ரிஃபிஃபி’ பார்க்கப் போகிறீர்களா? பார்க்கும் முன் கொஞ்சம், பார்த்த பின் கொஞ்சம்

பழைய பிரெஞ்சு கிரைம் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, நண்பர் ‘ரிஃபிஃபி’யில் ஆரம்பிக்கச் சொல்கிறார், கறுப்பு வெள்ளையில் சப்டைட்டிலோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா, எல்லாரும் சொல்லும் அந்தக் கொள்ளைக் காட்சி நிஜமாகவே அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக உட்காரலாம். நண்பர் சரியான படத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஊரெல்லாம் அந்த ஒரு காட்சியைப் பற்றியே பேசிப் பேசி, படமே அவ்வளவுதான் என்பது போல ஆக்கிவிட்டார்கள். அதனால் முதல்முறை பார்க்கிறவர்கள் அதற்காகவே காத்துக்கிடந்து, அது முடிந்ததும் ‘சரி, இனி என்ன இருக்கிறது’ என்று போனை எடுத்துவிடுகிறார்கள். கொள்ளை வருவது படத்தின் நடுவில். அது பிசகாமல் நடந்தும் முடிகிறது. மாட்டுவார்களா மாட்டமாட்டார்களா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துபோய், அப்புறமும் ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படம் மிச்சமிருக்கும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த மிச்சத்துக்காகத்தான். கதையின் பின்பாதியையும் பேசப்போகிறேன், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கதை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்போம். பாரிஸ், 1950-களின் நடுப்பகுதி. டோனி என்ற நடுவயது ஆள், ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருக்கிறான், ஓயாத இருமல், கையில் காசில்லை, விடிய விடியச் சீட்டாடித் தோற்றுக்கொண்டிருக்கிறான். ஜெயிலுக்குப் போனதும் ஜோ என்ற இளைஞனைக் காட்டிக்கொடுக்காமல் தானே பழியை ஏற்றுக்கொண்டதால்தான். ஜோவுக்கு இப்போது மனைவி, சின்னப் பையன், பையனுக்கு டோனிதான் ஞானத்தந்தை, பெயரும் டோனியோ. ஜோவும் மரியோ என்ற இத்தாலிய நண்பனும் ஒரு யோசனையோடு வருகிறார்கள்: பெரிய நகைக்கடை ஒன்றின் கண்ணாடியை உடைத்து, ஜன்னலில் இருப்பதை அள்ளிக்கொண்டு ஓடிவிடலாம். டோனி முதலில் மாட்டேன் என்கிறான். பிறகு ஒப்புக்கொள்கிறான், ஆனால் ஜன்னல் வேண்டாம், உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டகம்தான் என்கிறான். அதைத் திறக்க மிலானிலிருந்து சேசர் என்ற கைதேர்ந்த ஆளை வரவழைக்கிறார்கள். கடை இருப்பது ஜொலிக்கும் வட்டாரத்தில், நகைக்கடைகளுக்குப் பேர்போன ரூ த லா பே தெருப் பக்கம். இந்த ஆட்கள் வாழ்வது இரவு விடுதிகளிலும் சின்ன வீடுகளிலும்.

முதல் அரை மணிநேரம் நிதானமாகத்தான் போகும். சீட்டு, சிகரெட், தொலைபேசி, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவது. இரவு விடுதியில் மகாலி நோயல் ஒரு பாட்டும் பாடுவார். பலர் படத்தை விட்டுவிடும் இடம் இதுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த அரை மணியில் நீங்கள் பார்ப்பது நான்கு பேரின் வீடுகளை. மரியோவும் அவன் மனைவி இடாவும் எப்படி விளையாடிச் சிரிக்கிறார்கள், ஜோ தன் பையனிடம் எப்படி இருக்கிறான், சேசர் பெண்களைக் கண்டால் எப்படி இளகுகிறான் என்பதெல்லாம் மனதில் ஏறியிருக்க வேண்டும், பின்பாதி முழுக்க இதைத்தான் செலவழிக்கும்.

இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு கனத்தில் தெரியும். ஜூல்ஸ் டாசின் என்ற பெயரைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் 1911-இல் அமெரிக்காவில் பிறந்து நியூயார்க்கில் ஹார்லெமில் வளர்ந்தவர். ஹாலிவுட்டில் ‘ப்ரூட் ஃபோர்ஸ்’, ‘தி நேக்கட் சிட்டி’, ‘தீவ்ஸ் ஹைவே’ என்று 1947-லிருந்து வரிசையாக நல்ல கிரைம் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். இளவயதில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். ஒருவரைத் தொழிலிலிருந்து ஒதுக்க அது ஒன்றே போதுமான காலம் அது. 1951-இல் எட்வர்ட் டிமித்ரிக் என்ற சக இயக்குநர், கம்யூனிஸ்ட்களைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் போய்ப் பெயர்களைச் சொன்னார், டாசின் பெயரும் அதில் இருந்தது. டிமித்ரிக்கே அதே குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்துச் சிறைக்குப் போய் வந்தவர் என்பதுதான் இதில் கொடுமை. அதன்பின் டாசினுக்கு அமெரிக்காவில் வேலை இல்லை. பிரான்சுக்குப் போனார், அங்கேயும் நிழல் விடவில்லை, இவர் எடுத்தால் அந்தப் படத்தை அமெரிக்காவில் ஓட்ட முடியாது என்ற மிரட்டலில், பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் ஃபெர்னாந்தெல் நடிக்கவிருந்த படம் ஒன்று படப்பிடிப்பு தொடங்கும் நேரத்தில் கைநழுவியது. வருஷக்கணக்கில் சும்மா இருந்தார், வீட்டில் பணக்கஷ்டம்.

அந்த நிலையில்தான் ‘ரிஃபிஃபி’ வந்தது. ஒகுஸ்த் ல ப்ரெத்தோன் எழுதி 1953-இல் வந்த நாவல், பாரிஸ் தாதாக்களின் கொச்சை மொழியில் எழுதப்பட்டது. டாசினுக்கு அது பிடிக்கவில்லை. வில்லன்களை வட ஆப்பிரிக்கர்களாக வைத்து இனவெறுப்போடு எழுதப்பட்டிருந்தது ஒரு காரணம், வேறு சில அருவருப்பான சமாச்சாரங்கள் இன்னொரு காரணம். ஆனால் மறுக்கும் நிலையில் அவர் இல்லை. எனவே வில்லன் கும்பலின் அடையாளத்தை மாற்றினார், பிடிக்காததை வெட்டினார், நாவலில் சில பக்கங்களில் முடிந்துபோகும் கொள்ளையை இழுத்துப் படத்தின் நடுவில் உட்காரவைத்தார். கையில் இருந்த பணம் ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர், அந்தக் காலத்துக்கும் குறைவு. பெரிய நட்சத்திரம் கிடையாது. டோனியாக வரும் ழான் செர்வே குடியால் மார்க்கெட் இழந்திருந்த பெல்ஜிய நடிகர். அந்தக் கண்ணுக்குக் கீழே தொங்கும் பையும் கரகரத்த குரலும் மேக்கப்பில் வருவதில்லை. சேசராக நடிக்க நினைத்திருந்த ஆள் கிடைக்காமல் போக, டாசினே பெர்லோ வீட்டா என்ற பெயரில் அந்த வேடத்தில் நடித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, இந்தப் படத்தில் பாரிஸ் பளபளக்காது. வெயில் அடித்தால் படம் எடுக்க மாட்டேன் என்று டாசின் அடம்பிடித்தார், வானம் சாம்பல் நிறமாக இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தார், தயாரிப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒளிப்பதிவு ஃபிலிப் அகொஸ்தினி, அரங்கம் அலெக்ஸாந்தர் ட்ரௌனர். ஈரத் தெரு, இலையில்லாத மரங்கள், மழைக்கோட்டுகள். ‘கறுப்பு வெள்ளைதானே’ என்று கேட்டீர்கள் அல்லவா, இதில் பெரும்பகுதி சாம்பல்தான், அதில்தான் எத்தனை வகை!

சரி, கொள்ளைக் காட்சிக்கு வருவோம். அதற்கு முன்னால் வரும் தயாரிப்புகளைத் தவறவிடாதீர்கள். கடை இருக்கும் தெருவில் எந்த மணிக்கு யார் வருகிறார், போலீஸ் எப்போது கடக்கிறது என்று குறிப்பெடுக்கிறார்கள். கடையில் இருக்கும் அதே மாதிரி அலாரத்தைக் கொண்டுவந்து வைத்து, எவ்வளவு அதிர்வுக்கு அது கத்தும், எப்படி அதன் வாயை அடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். சின்ன அதிர்வுக்கே அலறும் சாதனம் அது. அந்தச் சோதனையைப் பார்த்துவிட்டதால், அப்புறம் அரை மணிநேரம் யாரும் எதையும் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. சத்தம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு இரவு. கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்குள் போகிறார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியைக் கட்டிப்போட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். இங்கிருந்து ஏறத்தாழ அரை மணிநேரம் வசனம் கிடையாது, இசை கிடையாது. கம்பளத்தைச் சுருட்டி ஒதுக்கிவிட்டுத் தரையைக் கொத்துகிறார்கள், தட்டும் ஓசை எழாதபடி துணி சுற்றிய கருவிகளால், மெதுவாக. கையளவு ஓட்டை விழுந்ததும் ஒரு குடை வருகிறது. மடக்கிய குடையை ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, அந்தப் பக்கத்தில் விரித்துத் தொங்கவிடுகிறார்கள், அதன்பின் உடையும் காரைத் துண்டுகளெல்லாம் கடைத் தரையில் விழாமல் குடைக்குள் விழுகின்றன. இவ்வளவுதான் தந்திரம். அறுபது எழுபது வருஷமாகப் படமெடுப்பவர்கள் இந்தக் குடையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள், நியாயம்தான், ஏனென்றால் எந்த வீட்டிலும் கதவுக்குப் பின்னால் தொங்கும் பொருள் அது. கயிற்றில் இறங்கி, தீயணைப்பானின் நுரையை அலாரப் பெட்டிக்குள் பீய்ச்சி அதை அடைக்கிறார்கள். பெட்டகத்தை அங்குலம் அங்குலமாகச் சாய்த்து முதுகைத் துளைக்கிறார்கள்.

காட்சியில் ஒரு இடத்தில், வீட்டில் இருக்கும் பியானோவின் கட்டை ஒன்று தவறிப்போய் அழுந்திவிடும். ஒரே ஒரு ஸ்வரம். நால்வரும் அப்படியே நின்றுவிடுவார்கள். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் இதைப் போட்டபோது, அதுவரை சிப்ஸ் பாக்கெட்டைச் சரசரத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த இடத்துக்குப் பிறகு கடைசிவரை பாக்கெட்டைத் தொடவே இல்லை. யாரும் அவரை அதட்டவில்லை, படமே அதட்டிவிட்டது.

இசையில்லாமல் விட்டது திட்டமிட்டுத் தொடங்கியது அல்ல. இசையமைப்பாளர் ழோர்ழ் ஓரிக் அந்தக் காட்சிக்குப் பெரிதாக இசை எழுதி வைத்திருந்தார். டாசின் அவருக்கு அந்தப் பகுதியை இசையோடு ஒருமுறையும் இசையில்லாமல் ஒருமுறையும் போட்டுக்காட்டினார். தன் இசையை எடுத்துவிடச் சொன்னது ஓரிக்தான். நம் ஊரில் பின்னணி இசையைக் குறைக்கச் சொன்னாலே எத்தனை பேருக்கு முகம் சுருங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த அமைதி வெறும் பதற்றத்துக்காக வைத்த உத்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவன் கையை நீட்டினால் அடுத்தவன் கேட்காமலே சரியான கருவியை அதில் வைக்கிறான். ஒருவனுக்குக் கை ஓய்ந்தால் மற்றவன் நகர்ந்து வந்து வாங்கிக்கொள்கிறான். வியர்வை, தூசி, களைப்பு. இவர்கள் திருடர்கள் என்பதே மறந்துபோய், நல்ல வேலைக்காரர்கள் நால்வர் ராத்திரி ஷிப்ட் பார்ப்பதைப் போல இருக்கும். பேசத் தேவையில்லாத அளவுக்கு ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள் என்பதைத்தான் டாசின் அரை மணிநேரம் காட்டுகிறார். மெக்சிகோவில் இதைப் பார்த்து இதே பாணியில் திருட்டுகள் நடந்ததாகச் சொல்லிப் படத்தையே தடை செய்தார்கள். செய்முறை விளக்கம் அவ்வளவு துல்லியம்!

முதல்முறை பார்க்கிறவர் தடுக்கி விழக்கூடிய காட்சி ஒன்று இருக்கிறது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொள்ளைக்கு வெகு முன்னால், தான் ஜெயிலில் இருந்தபோது எதிர்க் கும்பலின் தலைவனோடு போய்விட்ட மாடோ என்ற பெண்ணை டோனி வீட்டுக்குக் கூட்டிவந்து, நகைகளைக் கழற்றச் சொல்லி, பெல்ட்டால் அடிக்கிறான். கேமரா விலகி, சுவரில் இருக்கும் பழைய புகைப்படத்துக்குப் போய்விடும், சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் காலத்துப் படம் என்று சமாதானம் சொல்லலாம், எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. டோனி நல்லவன் அல்ல, அவனை ரசிக்க வேண்டாம் என்று படம் சொல்கிறது என்பதும் பாதிதான் உண்மை, ஏனென்றால் கடைசியில் அவனுக்காக நம்மை உருகவும் வைக்கிறது. அந்தப் பெண்ணும் பின்பாதியில் அவனுக்கு உதவியாகவே வருகிறாள். இந்த வகைப் பிரெஞ்சுப் படங்களில் ஆண்களின் நட்புக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசிகூடப் பெண்களுக்குக் கிடையாது. இது தெரிந்தே பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் அதில் தவறொன்றுமில்லை.

பார்க்கும் விதம் பற்றியும் இரண்டு வார்த்தை. பிரெஞ்சு ஒலியிலேயே பாருங்கள், ஆங்கில டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம், செர்வேயின் குரல் போனால் டோனியே போய்விடுவான். சீரமைத்த பிரதி கிடைக்கிறது, அதையே தேடுங்கள். டிவியில் என்றால் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய படம் சீரியல் போலத் தெரியும். போனில் என்றால் ஹெட்போன் கட்டாயம், ஏனென்றால் நடுவில் வரும் அந்த அரை மணிநேரத்தில் மூச்சுக்கும் துணி உரசலுக்கும்தான் பங்கு அதிகம். சப்டைட்டில் சலிக்குமே என்று பயப்படுகிறவருக்கு ஒரு நல்ல செய்தி, அந்த அரை மணிக்கு சப்டைட்டிலே தேவையில்லை.

இன்னும் படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம்.

24 கோடி பிராங்க் மதிப்புள்ள நகை கையில் வந்தாகிவிட்டது, லண்டனிலிருந்து ஆள் வந்து பணம் கொடுக்கப்போகிறான், ஒரு தடயம் இல்லை. இவ்வளவு பெரிய ஏற்பாட்டைக் கவிழ்ப்பது ஒரு மோதிரம். சேசர் பெட்டகத்திலிருந்து ஒன்றைத் தனியாக எடுத்து, விடுதிப் பாடகிக்குப் பரிசாகக் கொடுத்துவிடுகிறான். அந்த விடுதி எதிர்க் கும்பல் தலைவன் க்ருத்தேருடையது. மோதிரத்தைப் பார்த்தவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. போலீஸ் இந்தப் படத்தில் ஓரமாகத்தான் இருக்கிறது, இவர்களை அழிப்பது சட்டம் அல்ல, இன்னொரு திருட்டுக் கும்பல். சேசரைப் பிடித்து மிரட்ட, அவன் மரியோ பெயரைச் சொல்லிவிடுகிறான். மரியோவும் இடாவும் கத்திக்கு இரையாகிறார்கள், ஆனால் இருவரும் டோனி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. முதல் அரை மணியில் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த ஜோடி என்பதால்தான் இது அப்படி வலிக்கிறது.

அப்புறம் அந்தக் காட்சி. விடுதியின் மேடைக்குப் பின்புறம், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் சேசர் கட்டிப்போடப்பட்டிருக்கிறான். டோனி வருகிறான். சேசர் மறைக்கவில்லை, பயந்துவிட்டேன் என்கிறான். உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் விதி உனக்குத் தெரியும்தானே என்ற பொருளில் டோனி சொல்கிறான். சேசருக்கும் தெரியும், தலையசைக்கிறான். டோனி சுடுகிறான். வழக்கமான தாதா நீதி என்று கடந்துபோயிருப்போம், சேசராக நிற்பது யார் என்று தெரியாவிட்டால். நண்பர்களால் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கப்பட்டு நாடு விட்டு நாடு அலைந்த ஆள், காட்டிக்கொடுத்தவனின் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டு, தானே எழுதிய தண்டனையை வாங்கிக்கொள்கிறார். அந்த நண்பர்களை நினைத்துத்தான் எடுத்தேன் என்று டாசின் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு இதில் ஆச்சரியம் அவருடைய கோபம் அல்ல. சேசரை அவர் கேவலமாக நடிக்கவில்லை. பயந்துபோன, அன்பான, கொஞ்சம் அசட்டுத்தனமான மனிதனாகவே கடைசிவரை வைத்திருக்கிறார். காட்டிக்கொடுத்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவருக்குப் புரிகிறது, புரிந்தும் மன்னிக்கவில்லை. அரை மணிநேரம் பேச்சே இல்லாமல் வேலை பார்த்த நால்வரை, ஒருவன் வாய் திறந்ததால் கொன்றுபோடும் கதை இது என்று பார்த்தால், அந்த மௌனக் காட்சி ஏன் அவ்வளவு நீளம் என்பதும் பிடிபடும்.

பிறகு ஜோவின் பையனைக் கடத்துகிறார்கள். டோனி தேடிப்போய்ப் பையனை மீட்டுவிடுகிறான், ஆனால் செய்தி சேரும் முன் ஜோ பொறுமையிழந்து பணத்தோடு கிளம்பிப்போய்ச் செத்துவிடுகிறான். கடைசி ஓட்டம்: குண்டடிபட்ட டோனி மேல்மூடி இல்லாத காரை ஓட்டிக்கொண்டு பாரிசுக்குள் வருகிறான், பின்னால் கௌபாய் உடையில் பையன் எழுந்து நின்று பொம்மைத் துப்பாக்கியைச் சுழற்றி விளையாடுகிறான், மரக்கிளைகள் தலைக்கு மேல் பறக்கின்றன, ஓரிக்கின் இசை இப்போதுதான் முழுத் தொண்டையில் கத்துகிறது. பக்கத்தில் ஒருவர் செத்துக்கொண்டிருப்பது பையனுக்குத் தெரியாது, அவனுக்கு இது நல்ல கார்ச் சவாரி. வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்க, தாய் ஓடிவந்து பிள்ளையை மட்டும் தூக்கிக்கொள்கிறாள். பணத்தையும் பார்க்கவில்லை, டோனியையும் பார்க்கவில்லை. அந்தப் பார்வை விலகலுக்காகவே, மேலே சொன்ன பெண்கள் பற்றிய என் புகாரில் கொஞ்சத்தைத் திரும்பப் பெறுகிறேன். இந்த ஆண்களின் விதிமுறைகள், கௌரவம், விசுவாசம் எல்லாவற்றுக்கும் அவள் கொடுக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

1955-இல் கான் திரைப்பட விழாவில் டாசினுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது, இன்னொருவரோடு பகிர்ந்து. அப்போது விமர்சகராக இருந்து பின்னால் பெரிய இயக்குநரான த்ரூஃபோ, தான் படித்ததிலேயே மோசமான கிரைம் நாவலிலிருந்து, தான் பார்த்ததிலேயே சிறந்த கிரைம் படத்தை டாசின் எடுத்துவிட்டார் என்று எழுதினார். நாவலாசிரியருக்கு அந்த நாள் எப்படிப் போயிருக்கும் என்று தெரியவில்லை! டாசின் பிறகு, பின்னாளில் தான் மணந்த கிரேக்க நடிகை மெலினா மெர்கூரியை வைத்து 1964-இல் எடுத்த ‘டாப்காப்பி’ என்ற கலர்ப்படத்தில் தன் கொள்ளைக் காட்சியையே கிண்டலும் கேலியுமாக மறுபடி எடுத்தார். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கித் தரையைத் தொடாமல் திருடும் அந்த வித்தையை 1996-இல் வந்த ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்து என்ன பார்ப்பது? பலரும் நேராக ழான்-பியேர் மெல்வில் என்ற பிரெஞ்சு இயக்குநரின் ‘ல சாமுராய்’க்கு அனுப்புவார்கள். நான் நடுவில் ழாக் பெக்கேரின் 1954 படமான ‘துஷே பா ஓ க்ரிஸ்பி’யை வைப்பேன். அதில் தங்கத்தைத் திருடிய வயதான தாதா ழான் கபேன், தோழனை வீட்டுக்குக் கூட்டிவந்து, ரொட்டியில் பத்தே என்ற இறைச்சி விழுதைத் தடவிச் சாப்பிட்டு, பைஜாமா எடுத்துக்கொடுத்து, பல் துலக்கிவிட்டுப் படுக்கப்போவார், ஒரு துப்பாக்கிச் சண்டையை விட அதுதான் நினைவில் நிற்கும். அதற்குப் பிறகு மெல்விலுக்குப் போங்கள், ஆனால் 1970-இல் வந்த ‘ல செர்க்ல் ரூஜ்’ முதலில். ‘ரிஃபிஃபி’யை இயக்க முதலில் பேசப்பட்டவர் மெல்வில்தான், அது டாசின் கைக்குப் போய்விட்டது. பதினைந்து வருஷம் கழித்து அவரும் பாரிசில் ஒரு நகைக்கடைக் கொள்ளையை, நீளமாக, பேச்சே இல்லாமல் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்துவிட்டு, எது மேல் என்று சொல்லுங்கள். என் ஓட்டு குடைக்குத்தான்.